சவரக்கத்திக் கல்லும் நம் ஊர்க் கருங்கல்லும்

குடியாத்தத்தில் சலூன் நடத்திய தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு கல் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மேல்பக்கம் வெளிர் மஞ்சள், அடிப்பக்கம் கருநீலம், உள்ளங்கையைவிடச் சற்று நீளம். அது என்ன கல், வீட்டுக் கத்தியை அதில் தீட்டலாமா, இயற்கைக் கல் கடைக் கல்லைவிட உயர்ந்ததா, இத்தனை மலைகள் இருக்கிற வேலூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு கல்லை நாமே எடுத்துக்கொள்ள முடியாதா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்றவற்றை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் ஆம்பூரில் ஷூ மேல்தோல் தயாரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். தோலின் ஓரத்தை மடித்துத் தைப்பதற்காகக் கத்தியால் சீவி மெலிதாக்கும் வேலை. அந்தக் கத்தியின் வாய் கொஞ்சம் மழுங்கினாலும் தோல் இழுபடும், ஓரம் அலையலையாகிவிடும். அதனால் தீட்டுவது எங்களுக்குத் தனி வேலை கிடையாது, வேலையின் பாதியே அதுதான். இங்கே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்தில் வந்தவை.

முதலில் கல்லின் அடையாளம். மஞ்சளும் கருநீலமும் சேர்ந்த சவரக்கல் என்றால் பெரும்பாலும் அது பெல்ஜியத்துக் கோட்டிக்யூல். ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் என்ற ஊரைச் சுற்றி வெட்டி எடுக்கப்பட்ட கல். சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண், மிதமான வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப் பலகைக் கல்லாக மாறியது. அந்தப் பலகைக் கல்லுக்கு நடுவே மஞ்சள் அடுக்குகள் ஓடுகின்றன. மஞ்சள் அடுக்கில் மைக்கா வகைக் கனிமம் மாவாக நிறைந்திருக்க, அதற்குள் ஸ்பெசர்டின் என்ற கார்னெட் மணிகள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. கூரான சில்லுகளாக இல்லாமல், பன்னிரண்டு முகங்கள் கொண்டு கடுகுபோல உருண்டிருப்பதுதான் அவற்றின் சிறப்பு. அளவுக்கு ஏற்ற ஆழத்தில் அவை எஃகைக் கீறுவதில்லை, மேலோட்டமாகத்தான் சுரண்டும். சவரக்கத்திக்கு வேண்டியது அதுவே.

மஞ்சள் அடுக்கு மெல்லியது, எளிதில் உடையக்கூடியது. அதனால் அடியில் பலகைக் கல்லை வைத்து விற்றார்கள். உங்கள் கல்லின் பக்கவாட்டைக் கழுவிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மஞ்சளும் நீலமும் சேரும் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால், இரண்டு துண்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கோடு நெளிந்தோ, நிறம் ஒன்றுக்குள் ஒன்று கலந்தோ இருந்தால் மண்ணுக்குள்ளேயே ஒட்டி வளர்ந்த கல். இரண்டும் நல்லவைதான். இன்னொரு சோதனை: இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பெட்டியில் கூடவே சின்னத் துண்டுக் கல் இருந்தால் அதால் தேயுங்கள். வெள்ளையாகப் பால் வந்து, கத்தியை ஓட்டியதும் அது சாம்பல் நிறமாக மாறினால் சந்தேகமே வேண்டாம். மஞ்சள் அடுக்கே இல்லாமல் முழுக்கச் சாம்பலாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ இருக்கும் பழைய சவரக்கல் என்றால், அது ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதிப் பலகைக் கல்லாக இருக்கக்கூடும்.

பெட்டியில் அரைப் பளபளப்போடு வெள்ளையாகவோ கறுப்பாகவோ கண்ணாடித்தன்மையுள்ள வேறொரு கல்லும் இருந்தால் அது ஆர்கன்சாஸ் கல்லா என்று பார்க்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் நோவாகுலைட், ஏறக்குறைய முழுவதும் நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களால் ஆனது. இதில் மென்மையானது, கடினமானது, ஒளி ஊடுருவுவது எனத் தரங்கள் உண்டு. தரத்தைக் கண்ணால் சொல்வது கடினம், எடை சொல்லிவிடும். டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எடைதான் கல்லின் கன அளவு. உலர்ந்த கல் 530 கிராம், தொங்கவிட்டபோது 200 கிராம் என்றால் அடர்த்தி 2.65. அது இடைவெளியே இல்லாத குவார்ட்ஸின் அடர்த்தி. கல் மிக நைஸான ரகம் என்று பொருள். 2.2 பக்கம் வந்தால் உள்ளே நுண்துளைகள் நிறைய, வேகமாக அரிக்கும் ரகம். செலவில்லாத சோதனை, கல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை.

சலூன் கல்லில் பல ஆண்டுச் சோப்பும் தேங்காய் எண்ணெயும் பிசினாக ஏறியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கொதிக்க வைக்காதீர்கள், ஒட்டுப்பசை விட்டுவிடும், பலகைக் கல் அடுக்கடுக்காகப் பிளந்தாலும் பிளக்கும்.

கழுவிய பிறகு ஓர் இரும்பு ஸ்கேலைக் கல்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியும். எல்லாச் சவரக்கல்லும் நடுவில் குழிந்துதான் இருக்கும். இதைச் சமப்படுத்த, வீட்டில் தரை போட்டபோது மிஞ்சிய பாலிஷ் கிரானைட் துண்டு ஒன்றைத் தேடுங்கள். நம் மாவட்டத்தில் அது இல்லாத வீடு குறைவு. அதன்மேல் 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தாளின்மேல் எட்டு வடிவில் மெதுவாகத் தேயுங்கள். முதலில் நான்கு மூலைகளிலும் கோடுகள் மறையும், பிறகு ஓரங்களில். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டங்கள் அப்படியே நிற்கும். அதுதான் தாத்தாவின் கத்தி ஓடிய தடம். கடைசிப் பென்சில் கோடு மறையும்போது நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு கட்டுப்பாடு: மஞ்சள் அடுக்கின் கனத்தை ஓரத்தில் அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முழுச் சமத்துக்கு ஆசைப்பட வேண்டாம். லேசான குழிவில் சவரக்கத்தியைத் தீட்ட முடியும். தேய்த்துத் தீர்த்த கல்லைத் திரும்ப வளர்க்க முடியாது.

சவரக்கத்தியைத் தீட்டும் முறை எளிது, ஏனென்றால் கோணத்தைக் கத்தியே வைத்திருக்கிறது. முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படிய வேண்டும். வாய் முன்னே செல்ல வேண்டும். கத்தியின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். முனையில் திருப்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள். வாயின்மேல் புரட்டினால் செய்த வேலை போயிற்று. முதலில் துண்டுக் கல்லால் பால் எடுத்து அதில் ஓட்டுங்கள். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பாலை நீர்க்கச் செய்துகொண்டே போங்கள். கடைசியில் வெறும் தண்ணீர். பால் கெட்டியாக இருக்கும்போது கார்னெட் மணிகள் உருண்டு வேகமாக வேலை செய்யும். ஆனால் அதே மணிகள் வாயின் நுனியிலும் மோதி அதைக் கொஞ்சம் உருட்டிவிடும். தண்ணீரில் முடிப்பது அந்த உருட்டலை நீக்கத்தான். இந்தக் கல்லுக்கு எண்ணெய் தேவையில்லை.

அதற்குப் பிறகு வார், அதாவது கத்தியை இழுத்து முடிக்கும் தோல் பட்டை. உலகெங்கும் கல்லைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் வாரைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலையை வார்தான் செய்கிறது. நல்ல கல்லுக்கு நாம் பெல்ஜியத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம், வாருக்கு வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஊர்கள். கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: தாவரப் பட்டையில் பதனிட்ட தோல். முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது இந்தப் பகுதியின் பழைய தொழில். அந்தத் தோல் கெட்டியாக, அழுத்தினால் குழியாமல் இருக்கும். இப்போது ஷூவுக்குப் போகும் பெரும்பாலான தோல் குரோமில் பதனிட்டது, மெத்தென்று இருக்கும். கத்தியை இழுக்கும்போது மெத்துத்தோல் வாயைச் சுற்றி எழும்பி அதை உருட்டிவிடும். இரண்டையும் பிரித்தறிய வெட்டுவாயைப் பாருங்கள்: நடுக்கனம் நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். மேல்பூச்சு நிறத்தை நம்ப வேண்டாம். எருமைத் தோலில் மூன்று விரல் அகலம், ஒன்றரை அடி நீளம் போதும்.

வீட்டுக் கத்தியை இந்த மஞ்சள் கல்லில் தீட்டலாமா என்றால், தீட்டலாம், தீட்டாதீர்கள். சமையலறைக் கத்தியின் சரிவு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. மழுங்கிய கத்தியில் அந்தச் சரிவைத் திரும்பக் கொண்டுவர நிறைய எஃகு போக வேண்டும். கோட்டிக்யூல் அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, தானும் தேய்ந்து, நடுவில் இன்னொரு குழி விழுந்து நிற்கும். இயற்கைக் கல் முடிப்பதற்கான கல். தொடங்குவதற்கு வேறு கல் வேண்டும்.

கடைக் கல்லுக்கும் அதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பற்றிய உங்கள் கேள்வியும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் கறுப்புக் கல் சிலிகன் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்உலையில் தற்செயலாகக் கண்டறிந்த பொருள்; கார்போரண்டம் என்று பெயரிட்டார். சென்னையில் 1954-லேயே கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கிவிட்டது, ஆகவே அந்தக் கல் நம் தச்சர்களின் பைகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருக்கிறது. வேலூர் லாங் பஜார்ப் பக்கம் எந்த ஹார்ட்வேர் கடையில் கேட்டாலும் ஒரு பக்கம் ரஃப், மறுபக்கம் நைஸ் என்று எடுத்துத் தருவார்கள். அந்த நைஸ் பக்கமே சமையலறைக்குச் சற்று முரடு. அதோடு 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கிக்கொண்டால் வீட்டுக்கு வேறெதுவும் வேண்டாம். 1000 எண் என்றால் துகள் அளவு ஏறக்குறைய 15 மைக்ரான்; தலைமுடியின் கனத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

செயற்கைக் கல்லில் எல்லாத் துகளும் ஒரே அளவு, எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே குணம். இயற்கைக் கல் அப்படியில்லை. ஒரே சுரங்கத்தில் ஒரே அடுக்கில் எடுத்த இரண்டு துண்டுகள் இரண்டு விதமாக வேலை செய்யும். அதைத்தான் ரசிகர்கள் அழகு என்கிறார்கள். எங்கள் பிரிவில் நாள் முழுக்கச் சீவ வேண்டியவர்களுக்கு அந்த அழகு தேவைப்படவில்லை. நாங்கள் செயற்கைக் கல்லில்தான் தீட்டினோம். சவரம் ஒன்றில் மட்டும், முகத்தில் படுவது மென்மையாக இருக்கிறது என்பதற்காக, நான் இயற்கைக் கல்லின் பக்கம் நிற்பேன்.

எஃகும் கணக்கில் வர வேண்டும். குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 1000, நன்றாகத் தோய்ச்சல் கொடுத்த எஃகு சுமார் 700. ஆகவே கார்பன் எஃகைக் குவார்ட்ஸ் கல் சுலபமாக அரிக்கும். லாரி வில் பட்டையில் அடித்த அரிவாள், பழைய சவரக்கத்தி எல்லாம் இந்த வகை. துருப்பிடிக்காத கத்திகளில் குரோமியம் கார்பைடு மணிகள் இருக்கின்றன. அவை குவார்ட்ஸைவிடக் கடினம். விலையுயர்ந்த புதிய எஃகுகளில் உள்ள வனேடியம் கார்பைடு அதைவிடவும் கடினம், 2500-ஐத் தாண்டும். அந்தக் கத்திகளை ஆர்கன்சாஸ் கல்லில் தேய்த்தால் எஃகு தேயும், கார்பைடு மணிகள் மொட்டையாக நிற்கும். பளபளப்பு வரும், வெட்டு வராது. அவற்றுக்கு வைரத்தூள் பதித்த தகடுதான் சரி.

இனி நம் மலைகள். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளும், ஜவ்வாது மலையும், கோட்டை மதிலின் கற்களும் பெரும்பாலும் கிரானைட், வரிவரியாகத் தெரியும் நைஸ் (gneiss) என்ற பாறை, சார்னோகைட் வகைகள். சார்னோகைட் என்ற பெயரை 1893-ல் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரத்துக் கல் என்பதால் வந்த பெயர். இந்தப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. தீட்டுக்கல்லுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்மணி. பெல்ஜியத்துக் கல்லும் ஆர்கன்சாஸ் கல்லும் படிவுப் பாறைகளாகப் பிறந்து, கொஞ்சம் மட்டும் சூடுபட்டு நின்றுவிட்டவை, மணி பெருக்கவில்லை. நம் பாறைகள் அந்த எல்லையைத் தாண்டி வெந்தவை. மணிகள் வளர்ந்து, வெறும் கண்ணுக்கே மில்லிமீட்டர் கணக்கில் தெரிகின்றன. அதிலும் ஒவ்வொன்றும் ஒரு கடினம்: 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, கறுப்பு மைக்கா 3-க்கும் கீழே. கத்தியை இழுக்கும்போது குவார்ட்ஸ் ஆழமாகக் கீறுகிறது, ஃபெல்ட்ஸ்பார் எஃகோடு மல்லுக்கட்டுகிறது, மைக்கா உதிர்ந்து குழி விடுகிறது.

அம்மிக் கல்லின் ஓரத்தில் கத்தியைத் தேய்த்தால் வெட்டுகிறதே என்பீர்கள். வெட்டும். வாயில் ரம்பப் பல் மாதிரி முரட்டுக் கீறல்கள் விழுவதால் அன்றைக்குத் தக்காளி நன்றாக அறுபடும். அந்தப் பற்கள் மெல்லியவை. இரண்டு நாளில் மடிந்துவிடும்.

இதே பாறைகள் வேறொரு காலத்தில் தீட்டும் கல்லாக முழுத் தகுதியோடு இருந்தன. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. அந்தக் கோடரிகளைக் கல்லில் கொத்தி உருவாக்கி, பாறையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து வாய் வைத்தார்கள். கற்கோடரியின் வாய் கனமானது. அதற்கு மில்லிமீட்டர் மணி போதும். மலைக் கிராமங்களில் இன்றும் அப்படிப்பட்ட கோடரிகளை மரத்தடியில் சாமியாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். இரும்பு வந்து வாய் மெல்லியதான பிறகுதான் நம் பாறை போதாமல் போயிற்று.

கிரானைட்டைத் தவிர வேறு கல்லே இல்லையா? கிழக்கே திருத்தணியைத் தாண்டினால் நகரி மலைகளில் குவார்ட்சைட் இருக்கிறது. (1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான், அதனால் அந்தப் பக்கத்தை அந்நியமாக நினைக்க வேண்டாம்.) அது சுத்தமான குவார்ட்ஸ், கடினமும் சரி. குறை வேறு இடத்தில். நல்ல தீட்டுக்கல்லில் மழுங்கிய துகள் உதிர்ந்து அடியிலிருந்து புதுத்துகள் தலைகாட்ட வேண்டும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று உருகியதுபோல் இறுகிவிட்டதால் எதுவும் உதிராது. கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு மழுங்கி மெருகேறிவிடும். பிறகு கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பாலாற்றில் பொறுக்கும் உருண்டைக் கற்களும் இதே கதைதான். வழவழப்பைப் பார்த்து நைஸான கல் என்று நினைக்கிறோம்; ஆறு உருட்டித் தந்த வழவழப்பு அது, உள்ளே மணி பெரிது. உடைத்து, உடைந்த முகத்தை நனைத்துப் பாருங்கள்.

சமையல் மேடையில் போடும் கடப்பா கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் பலரை ஏமாற்றுகிறது. கறுப்பு, சமம், கண்ணுக்கு மணியே தெரியாத நைஸ். பார்த்தால் தீட்டுக்கல் இலக்கணம் முழுக்கப் பொருந்துகிறது. ஆனால் அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு சிந்தினால் வெளுத்த தடம் விழுவது அதனால்தான். சுண்ணாம்புக் கனிமத்தின் கடினம் மோஸ் அளவில் 3. எஃகை அது தேய்க்காது, எஃகுதான் அதைத் தேய்க்கும். மேடை ஓரத்தில் கத்தியை இழுத்துவிட்டு “கூராகிவிட்டது” என்று சொல்கிறவர்கள், மடிந்திருந்த பிசிறை நிமிர்த்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அளவுக்குப் பீங்கான் கோப்பையின் அடிவளையம், பளபளப்புப் பூச்சு இல்லாத அந்த ஓரம், எவ்வளவோ மேல். நிஜமாகவே கொஞ்சம் அரிக்கும்.

கையில் எடுக்கும் எந்தக் கல்லுக்கும் இரண்டு சோதனை போதும். உடைந்து கிடக்கும் அரத்தின் கூர்முனையால் அழுத்திக் கோடு போடுங்கள். வெள்ளைப்பொடியோடு பள்ளம் விழுந்தால் கல் மென்மை. பென்சில் கோடுபோல உலோகத் தடம் மட்டும் ஒட்டினால் கல் கடினம். பிறகு எலுமிச்சை. இரண்டிலும் தேறிய கல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மணி தெரியவில்லை என்றால் என்னிடமும் காட்டுங்கள். வட ஆற்காட்டில் அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

பலகையாக உதவாத நம் கல், பொடியாக நன்றாகவே உதவும். இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைக் கல்லில் தீட்டுவதில்லை. மரக்கட்டையின்மேல் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடியைத் தூவி அதில் தீட்டுகிறார்கள். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டிய கத்தி அது. வாயில் சிறு பிசிறு இருந்தாலும் பாளை காயும். அவர்கள் முரட்டுக் கல்லோடு நிற்க முடியாது. “தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பதா” என்று நன்றி கெட்டவனைத் திட்டுகிறோமே, அதில் தீட்டுவது கல்லாக இல்லாமல் மரமாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சாணை பிடிக்கிறவர்கள் பழைய நாளில் வைத்திருந்த சக்கரமும் இதே வழிதான்: குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்து வார்த்தது. கடினம் 9 உள்ள அந்தக் குருந்தம் நாமக்கல், சேலம் பக்கத்தில் கிடைத்தது. துகள் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் பிணைப்பு இன்னொன்று. இயற்கை இரண்டையும் சேர்த்துத் தராத ஊரில் மனிதன் சேர்த்துக்கொண்டான்.

வெள்ளை வெங்கச்சங்கல் நம் வயல்வெளிகளில் தாராளமாகக் கிடக்கிறது. அது தூய குவார்ட்ஸ். நாலைந்து துண்டுகளை அடுப்பில் நன்றாகச் சுட்டு, தூரத்தில் நின்று தண்ணீரில் போட்டால் உள்ளே விரிசல் விட்டு எளிதில் நொறுங்கும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொடிக்கும்போது கட்டாயம் ஈரமாகவே பொடியுங்கள். உலர்ந்த குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். கல்குவாரித் தொழிலாளர்களை அழித்த நோய் அது, மருந்து கிடையாது. கல்லை உலர்வாக அறுப்பதும் மெஷினில் தேய்ப்பதும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

பொடியைத் துணியில் சலித்தால் போதாது, துணியின் கண் பெரிது. தண்ணீரைச் சல்லடையாக்குங்கள். உயரமான பாட்டிலில் பொடியைப் போட்டுக் கலக்கி நிறுத்தினால் பெரிய துகள் முதலில் இறங்கும். 10 மைக்ரான் அளவுக் குவார்ட்ஸ் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். ஆகவே பாட்டிலைக் கலக்கி வைத்துவிட்டு இருபது நிமிடம் தொடாதீர்கள். பிறகு மேல் 10 சென்டிமீட்டர் கலங்கல் நீரை மட்டும், அடியை அசைக்காமல், வேறு பாத்திரத்தில் இறக்குங்கள். அதில் இருப்பதெல்லாம் 10 மைக்ரானுக்குக் கீழே. மறுநாள் அது தெளிந்து அடியில் வெண்ணிறச் சேறாகப் படிந்திருக்கும். முதலில் தங்கிய முரட்டுப் பொடியைத் தூக்கி எறியாமல் தனி டப்பாவில் வையுங்கள், அது தொடக்க வேலைக்கு. இரண்டையும் ஒரே கரண்டியால் எடுக்கக் கூடாது. நைஸ் பொடியில் ஒரே ஒரு பெரிய துகள் விழுந்தாலும் கத்தியில் கோடு போட்டுவிடும். பாலாற்று மணலைச் சேர்க்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

கட்டை மென்மையான மரமாக இருக்க வேண்டும். முருங்கையோ கல்யாண முருங்கையோ, இழைத்துச் சமமாக்கியது. தேக்கு வேண்டாம். மென்மரத்தில் துகள் பாதி புதைந்து பாதிதான் வெளியே நிற்கும், அதனால் துகளின் அளவைவிட நைஸான கீறல் விழுகிறது. சேற்றைக் கொஞ்சம் தடவி, கத்தியின் முதுகு முன்னே செல்லும்படி இழுங்கள். வாய் முன்னே போனால் மரத்தை வெட்டிவிடும்.

சவரக்கத்திக்கு இந்தக் கட்டை போதாது. தோல் சீவும் கத்தி, அரிவாள், தச்சனின் இழைப்புளி, வீட்டிலிருக்கும் பழைய இரும்புக் கத்தி ஆகியவற்றுக்குக் கடைக் கல்லில் தொடங்கிக் கட்டையில் முடிக்கலாம். அரிவாள்மனைக்குக் கத்தியைக் கட்டைக்குக் கொண்டுபோக முடியாது. விரல் கனமுள்ள குச்சியை உருண்டையாகச் சீவி, சேறு தடவி, வளைவின் உள்பக்கம் அடியிலிருந்து நுனிவரை ஓட்டுங்கள், மறுகையை வாய்க்கு நேரே வைக்காமல். கருக்கரிவாளை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். அதன் பல்லை உளியால் வெட்டித்தான் புதுப்பிக்க வேண்டும், கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள்.